கரையோரக் கடலில் கப்பல் மாசு: தடையா, துறைமுகக் கெடுபிடியா, பாதை மாற்றமா?

ஒரு பெரிய எண்ணெய்க் கசிவு நடந்ததும் எந்த நாட்டிலும் ஒரே குரல்தான் எழும்: "இந்த மாதிரிக் கப்பலை நம் கடல் பக்கமே விடக் கூடாது." கோபம் நியாயமானதுதான். ஆனால் அப்படித் தடுக்கும் அதிகாரம் கரையோர நாட்டுக்கு எவ்வளவு இருக்கிறது? இருக்கிற அதிகாரத்தில் எதைப் பயன்படுத்தினால் கடலுக்கு நிஜமாகவே பலன் கிடைக்கும்? இதைப் பற்றி முடிவெடுக்க உட்கார்பவர்கள் முதலில் ஒரு கணக்கு எடுக்க வேண்டும் என்பேன். பயமுறுத்தும் அந்தக் கப்பல்கள் நம் துறைமுகத்துக்கு வருகின்றனவா, இல்லை நம் கரையை ஒட்டி வேறெங்கோ போகின்றனவா? இந்த விடை தெரியாமல் எழுதும் சட்டம் பெரும்பாலும் தவறான கப்பலைத்தான் பிடிக்கும்.

2002 நவம்பரில் ஸ்பெயினின் கலீசியக் கரையைக் கறுப்பாக்கிய 'பிரெஸ்டீஜ்' டேங்கர் ஸ்பெயினுக்கு வந்த கப்பல் இல்லை. பஹாமாஸ் கொடியோடு, 77,000 டன் கனரக எரிபொருள் எண்ணெயைச் சுமந்து, பால்டிக் கடலிலிருந்து ஆசியாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 2020 ஜூலையில் மொரிஷியஸ் பவளத்திட்டில் ஏறிய 'வகாஷியோ'வும் அப்படித்தான். பிரேசில் போகிற வழியில், கைபேசி சிக்னல் கிடைக்கும் என்று கரையை நெருங்கிப் போனதாகப் பின்னர் தெரியவந்தது. சரக்கே இல்லாத கப்பல், சொந்த எரிபொருள் மட்டும் சுமார் 1,000 டன் கொட்டியது. இரண்டுமே கடந்து போன கப்பல்கள். துறைமுகத்தில் எத்தனை ஆய்வாளர்களை நிறுத்தியிருந்தாலும் இவை அவர்கள் கண்ணில் பட்டிருக்காது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1982-ல் கையெழுத்தாகி 1994-ல் நடைமுறைக்கு வந்த ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தம்தான் அடிப்படை. கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரை, கரையோர நாட்டின் இறையாண்மைக்கு உட்பட்ட கடல். ஆனாலும் எந்த நாட்டுக் கப்பலும் தீங்கு செய்யாமல், நிற்காமல் அதன் வழியே போகலாம். வேண்டுமென்றே கடுமையாக மாசுபடுத்தினால் அந்த உரிமை போய்விடும். பழைய கப்பல் என்பதற்காகவோ, ஆபத்தான சரக்கு ஏற்றியிருக்கிறது என்பதற்காகவோ மட்டும் போகாது. மாசைத் தடுக்க நாடு சட்டம் இயற்றலாம். கப்பலின் வடிவமைப்பு, கட்டுமானம், பணியாளர், கருவிகள் ஆகியவற்றில் மட்டும் உலகம் ஒப்புக்கொண்ட விதியைத் தாண்டித் தனியாக எதையும் கேட்க முடியாது.

12 மைலைத் தாண்டி 200 மைல் வரையுள்ள பிரத்யேகப் பொருளாதார மண்டலத்தில் கை இன்னும் கட்டுப்படுகிறது. அங்கே சர்வதேச விதிகளை அமல்படுத்தலாம், அவ்வளவுதான். அதற்கும் படிகள் உண்டு. விதிமீறல் நடந்திருக்கிறது என்று நம்பத் தெளிவான காரணம் இருந்தால் கப்பலிடம் விவரம் கேட்கலாம். கணிசமாகக் கொட்டிக் கடலுக்குப் பெரிய கேடு வந்தாலோ வரும் போலிருந்தாலோ ஏறிச் சோதிக்கலாம். கரைக்குப் பெரும் சேதம் ஏற்பட்டதற்கோ ஏற்படவிருப்பதற்கோ வெளிப்படையான ஆதாரம் இருந்தால்தான் கப்பலைப் பிடித்து வைக்கலாம். பிடித்தாலும் பிணைத்தொகை கட்டினால் விட வேண்டும், தண்டனையும் அபராதத்தோடு நிற்க வேண்டும். சர்வதேசக் கப்பல் போக்குவரத்துக்கான நீரிணைகளில் அதிகாரம் மேலும் குறுகும். அங்கே கடப்பதை நிறுத்திவைக்கவே முடியாது.

இதைக் கப்பல் முதலாளிகளுக்குக் கொடுத்த சலுகை என்று திட்டுவது எளிது. ஒரு பங்கு உண்மையும் அதில் இருக்கலாம். ஆனால் ஒரே பயணத்தில் பத்து நாடுகளின் கடலைத் தாண்டும் கப்பல், ஒவ்வோர் எல்லையிலும் தன் இரும்புச் சுவரை மாற்றிக்கொள்ள முடியாது. வால்வை மூட முடியும். கழிவை எங்கே கொட்டலாம் என்பதில் 12 மைலுக்குள் கரையோர நாட்டுக்குக் கூடுதல் சுதந்திரம் தரப்பட்டிருப்பதற்கு இந்த வேறுபாடே காரணம். எதைத் தேர்ந்தெடுப்பது என்று பார்க்கும்போது இதை மறக்கக் கூடாது.

முதலில் தடை. செய்தித்தாளில் தலைப்பாவது இதுதான். 'பிரெஸ்டீஜ்' உடைந்த சில நாட்களிலேயே பிரான்சும் ஸ்பெயினும் கனரக எண்ணெய் ஏற்றிய பழைய ஒற்றைச் சுவர் டேங்கர்களை (எண்ணெய்க்கும் கடலுக்கும் நடுவே ஒரே இரும்புச் சுவர் உள்ளவை) தங்கள் 200 மைல் மண்டலத்திலிருந்து விரட்டுவதாக அறிவித்தன. சட்டப்படி பார்த்தால் காலூன்ற இடமில்லாத அறிவிப்பு. சுவர் ஒன்றா இரண்டா என்பது கட்டுமான விஷயம், அதுவும் 12 மைலுக்கு வெளியே. ஆனாலும் பலன் வந்தது. ஒற்றைச் சுவர் டேங்கர்களை ஓய்வுக்கு அனுப்பும் கால அட்டவணையைச் சர்வதேசக் கடல்சார் அமைப்பான ஐ.எம்.ஓ. 2003 டிசம்பரில் வேகப்படுத்தியது. ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து நெருக்கியதன் விளைவு அது.

கனடாவின் கதையும் இதே வகை. 1969-ல் 'மன்ஹாட்டன்' என்ற அமெரிக்க டேங்கர் ஆர்க்டிக்கின் வடமேற்குப் பாதையைக் கடந்து காட்டியது. மறு ஆண்டே கனடா தன் ஆர்க்டிக் கரையிலிருந்து 100 கடல் மைல் வரை சொந்த மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. சட்டம் நிற்குமா என்ற சந்தேகம் அவர்களுக்கே இருந்திருக்க வேண்டும். இந்த விஷயத்தில் சர்வதேச நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்கமாட்டோம் என்றும் கூடவே அறிவித்துவிட்டார்கள். பிறகு பேச்சுவார்த்தையில் உட்கார்ந்து, பனி மூடிய கடல்களுக்கு என்று ஐ.நா. ஒப்பந்தத்தில் தனியாக 234-ஆம் பிரிவையே வாங்கினார்கள்.

இரண்டு இடத்திலும் தடை ஜெயித்தது கடலில் இல்லை, பேச்சுவார்த்தை மேசையில். அதற்குப் பின்னால் பெரிய சந்தையும் கடற்படையும் கூட்டாளி நாடுகளும் இருந்தன. இவை இல்லாத நாடு அதே அறிவிப்பை வெளியிட்டால் கிடைப்பது கண்டனக் கடிதங்களும், தன் நாட்டுக் கொடி பறக்கும் கப்பல்களுக்கும் தன் மாலுமிகளுக்கும் வேறு துறைமுகங்களில் எதிர்க் கெடுபிடியும்தான். இன்னொன்றும் உண்டு. விரட்டப்பட்ட கப்பல் மாயமாகிவிடுவதில்லை. 'பிரெஸ்டீஜ்' சேதமடைந்தபோது ஒதுங்க இடம் கேட்டது. கொடுக்காமல் நடுக்கடலுக்கு இழுத்துப் போகச் சொன்னார்கள். ஆறு நாளில் இரண்டாக உடைந்து, 60,000 டன்னுக்கு மேல் எண்ணெய் கசிந்து, ஸ்பெயினோடு நிற்காமல் பிரான்ஸ் கரைவரை போனது. ஒரு விரிகுடாவில் தேங்கியிருக்கக்கூடிய கசிவு நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குப் பரவியது. அதன் கேப்டன் 83 நாள் சிறையில் இருந்தார். 30 லட்சம் யூரோ பிணை கேட்டார்கள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2010-ல் அதைச் சரி என்றுகூடச் சொல்லிவிட்டது. கலீசியக் கரையில் ஒட்டிய எண்ணெய்க்கு அதனால் என்ன பயன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இரண்டாவது, துறைமுகத்தில் வைத்துப் பிடிப்பது. என் வீட்டுக்குள் வருபவரிடம் செருப்பைக் கழற்றச் சொல்லலாம், தெருவில் போகிறவரிடம் சொல்ல முடியாது. துறைமுகம் நாட்டின் உள்நீர். நுழைவதற்கு நிபந்தனை போடும் உரிமையைக் கடல் சட்டமே ஒப்புக்கொள்கிறது. நடுக்கடலில் விதியை மீறிக் கொட்டிய கப்பல் தானாகத் துறைமுகத்துக்கு வந்தால், அதற்காகவும் நடவடிக்கை எடுக்கலாம்.

அமெரிக்கா இந்தக் கதவை எப்படிப் பயன்படுத்துகிறது என்று பார்த்தால் இதன் பலம் புரியும். 1989-ல் அலாஸ்காவில் 'எக்ஸான் வால்டெஸ்' தரைதட்டிய பிறகு, 1990-ல் இரட்டைச் சுவர் இல்லாத டேங்கர்களைப் படிப்படியாகத் தன் துறைமுகங்களிலிருந்து வெளியேற்றும் சட்டத்தை இயற்றியது. உலகத்தின் சம்மதத்துக்குக் காத்திருக்கவில்லை, உலகம் பின்னால் வந்தது. 2013-ல் 'கரீபியன் பிரின்சஸ்' என்ற பயணிகள் கப்பல் இங்கிலாந்து கரைக்கு அப்பால் எண்ணெய்க் கழிவைக் கள்ளக் குழாய் வைத்து வெளியேற்றியதை ஒரு இளம் பொறியாளர் அம்பலப்படுத்தினார். அமெரிக்கக் கடலில் நடக்காத குற்றம். ஆனால் கழிவுக் கணக்கை எழுதும் எண்ணெய்ப் பதிவேட்டைப் பொய்யாக எழுதி அமெரிக்கத் துறைமுகத்தில் நீட்டியது அமெரிக்கக் குற்றம். 2016-ல் நிறுவனம் 4 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது. யாருடைய கடப்புரிமையும் இதில் தொடப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

எரிபொருள் விஷயத்தில் கலிபோர்னியா மாநிலம் இன்னும் துணிந்தது. தன் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்கள் கரையிலிருந்து 24 மைலுக்குள் கந்தகம் குறைந்த எரிபொருளையே எரிக்க வேண்டும் என்று 2009-ல் விதித்தது. கப்பல் நிறுவனங்களின் சங்கம் வழக்குப் போட்டது. 2011-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் நின்றது. ஆனால் கப்பல்காரர்கள் சும்மா இருப்பார்களா? விலை கூடிய எரிபொருளை எரிக்கும் தூரத்தைக் குறைக்க, சான்டா பார்பரா கால்வாயை விட்டுவிட்டுத் தீவுகளுக்கு வெளியே சுற்றிப் போனார்கள். அது கடற்படை ஏவுகணைப் பயிற்சி நடக்கும் பகுதி. கடைசியில் மண்டலத்தின் எல்லையையே மாற்றி வரைய வேண்டி வந்தது. எந்த விதியும் கப்பலின் பாதையைத் தொடும், தொடாது என்று நினைத்து எழுதினால் இப்படித்தான் ஆகும்.

துறைமுகக் கதவின் பலவீனங்கள் இரண்டு. ஒன்று, ஒரு துறைமுகம் கெடுபிடி செய்தால் சரக்கு பக்கத்துத் துறைமுகத்துக்குப் போய்விடும். அதனால்தான் 1978-ல் பிரான்சின் பிரிட்டனி கரையில் 'அமோகோ காடிஸ்' மூழ்கிய பிறகு ஐரோப்பிய நாடுகள் 1982-ல் பாரிஸ் உடன்படிக்கை செய்து ஒரே அளவுகோலில் கப்பல்களைச் சோதிக்கத் தொடங்கின. ஆசிய-பசிபிக் பகுதிக்கு டோக்கியோ உடன்படிக்கையும் இந்தியப் பெருங்கடலுக்குத் தனி உடன்படிக்கையும் பின்னால் வந்தன. தனியாகக் கதவை இறுக்க நினைக்கும் நாடு, முதலில் அண்டை நாட்டோடு பேசிவிடுவது நல்லது. இரண்டாவது, கதவைச் சோதனைக்குப் பயன்படுத்தாமல் சாத்துவதற்கு மட்டும் பயன்படுத்துவது. 2021-ல் கொழும்புக்கு வெளியே எரிந்து மூழ்கிய 'எக்ஸ்-பிரஸ் பேர்ல்' கப்பலில் நைட்ரிக் அமிலக் கன்டெய்னர் முன்பே கசிந்தது. வழியில் இரண்டு துறைமுகங்கள் அதை இறக்கிக்கொள்ள மறுத்திருந்தன. பிறகு இலங்கையின் மேற்குக் கரையில் அந்தக் கப்பல் ஏற்றி வந்த பிளாஸ்டிக் மணிகள். ஒவ்வொருவரும் தன் வாசலைச் சுத்தமாக வைத்துக்கொண்டால் குப்பை மூன்றாமவர் வாசலில்தான் விழும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, துறைமுகக் கதவு கடந்து போகும் கப்பலை எட்டாது. அதற்குத்தான் மூன்றாவது வழி: ஐ.எம்.ஓ. மூலம் பாதையை மாற்றுவது. சலிப்பூட்டும் வழி. வரைபடம், ஆழ அளவு, போக்குவரத்துத் தரவு, லண்டனில் கமிட்டி மேல் கமிட்டி. செய்தியாளர் யாரும் வரமாட்டார்கள். ஆனால் என் தீர்ப்பில் அதிகமான கடலைக் காப்பாற்றியிருப்பது இதுவாகத்தான் இருக்கும்.

காரணம் எளிது. கப்பல் விபத்தில் தூரம் என்பது நேரம். இயந்திரம் நின்று மணிக்கு 2 கடல் மைல் வேகத்தில் காற்று கரைப்பக்கம் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். கரை 6 மைலில் இருந்தால் மூன்று மணி நேரம், 30 மைலில் இருந்தால் பதினைந்து மணி நேரம். பதினைந்து மணி நேரத்தில் பழுதைச் சரிசெய்யலாம், இழுவைக் கப்பல் வந்து சேரலாம். 'அமோகோ காடிஸ்' காலையில் சுக்கான் பழுதாகி, இழுவைக் கூலியைப் பற்றிய பேச்சு இழுத்துக்கொண்டே போக, அன்று இரவே பாறையில் ஏறியது. 2,20,000 டன்னுக்கு மேல் எண்ணெய் போயிற்று. பிரான்ஸ் அதிலிருந்து எடுத்த பாடங்கள் நடைமுறைக்கு உகந்தவை. உஷான்ட் தீவருகே டேங்கர் தடங்களைக் கரையிலிருந்து தள்ளி வைத்தார்கள், பிரெஸ்ட் துறைமுகத்தில் அவசர இழுவைக் கப்பல் ஒன்றை எப்போதும் தயாராக நிறுத்தினார்கள். கப்பல்கள் தடையின்றிப் போய்க்கொண்டே இருந்தன, கொஞ்சம் தள்ளிப் போயின.

இதே வழியில் உச்சமாகக் கிடைப்பது 'எளிதில் பாதிப்படையும் கடற்பகுதி' என்ற அங்கீகாரம். 1990-ல் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டு முதலில் பெற்றது. பிலிப்பைன்ஸின் துப்பதாஹா பவளத்திட்டு 2017-ல் பெற்றது. இந்தப் பெயரை வாங்கியதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிற நாடுகள் உண்டு. பெயர் வெறும் பெயர்தான். அதோடு சேர்த்து வாங்கும் நடவடிக்கையில்தான் உயிர் இருக்கிறது: இன்ன பகுதிக்குள் பெரிய கப்பல் நுழையக் கூடாது, இன்ன இடத்தில் தகவல் சொல்ல வேண்டும், அந்தக் கடலை அறிந்த வழிகாட்டியை, அதாவது பைலட்டை, ஏற்ற வேண்டும் என்று. துப்பதாஹாவுக்குக் கிடைத்தது சுற்றி ஒரு தவிர்ப்பு மண்டலம். அதுபோன்ற சிறிய, தெளிவான கோரிக்கைகள் சண்டையில்லாமல் நிறைவேறுகின்றன.

பெரிதாகக் கேட்டால் சண்டைதான். ஆஸ்திரேலியாவுக்கும் பப்புவா நியூகினிக்கும் நடுவே ஆழம் குறைந்த டாரஸ் நீரிணை இருக்கிறது. அங்கே பைலட் ஏற்றுவதை 2005-ல் ஐ.எம்.ஓ. பரிந்துரைத்தது. ஆஸ்திரேலியா 2006-ல் அதைக் கட்டாயம் என்று எடுத்துக்கொண்டது. பரிந்துரை எப்படிக் கட்டாயமாகும் என்று அமெரிக்காவும் சிங்கப்பூரும் எதிர்த்தன. கடைசியில் ஆஸ்திரேலியா விதியைக் கைவிடாமல் ஒரு நடுவழி கண்டது. வெறுமனே கடந்து போகும் கப்பலை நீரிணையில் நிறுத்துவதில்லை. ஆனால் பைலட் இல்லாமல் போன கப்பல் பின்னொரு நாள் ஆஸ்திரேலியத் துறைமுகத்துக்கு வந்தால் வழக்கு. கடலில் தொடங்கிய விதி கடைசியில் துறைமுக வாசலில் வந்து நின்றுவிட்டது பாருங்கள்.

குறுகிய நீரிணையை வைத்திருக்கும் நாடுகளுக்கு நான்காவதாக ஒரு வழி உண்டு: செலவைப் பகிர்வது. வெறும் கடப்புக்குக் கட்டணம் வாங்க ஒப்பந்தம் அனுமதிக்காது. மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகளின் மூன்று நாடுகளும் 2007-ல் ஒரு கூட்டு ஏற்பாட்டைத் தொடங்கின. கலங்கரை விளக்கம், மிதவை போன்றவற்றைப் பராமரிக்கும் நிதிக்கு நீரிணையைப் பயன்படுத்தும் நாடுகளும் அமைப்புகளும் விரும்பிப் பணம் தருகின்றன. விருப்பம் என்றாலே எல்லாரும் தரமாட்டார்கள். போக்குவரத்து நெரிசல் மிகுந்த இடத்துக்குத்தான் இது பொருந்தும், மற்றவர்கள் இதை நம்பி உட்கார வேண்டாம்.

ஆக, நான் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தால் வரிசை இப்படி இருக்கும். முதலில் ஒரு வருடக் கப்பல் நகர்வுத் தரவை எடுத்து, வருபவை எத்தனை, கடப்பவை எத்தனை என்று பிரிப்பேன். வருபவை அதிகம் என்றால் அண்டை நாடுகளோடு சேர்ந்து துறைமுகச் சோதனை, பதிவேட்டுச் சரிபார்ப்பு. கடப்பவை அதிகம் என்றால் தவிர்ப்பு மண்டலம், தடப் பிரிப்பு, இழுவைக் கப்பல். 12 மைலுக்குள் என்ன கொட்டக் கூடாது என்ற விதியை இரண்டுக்கும் பொதுவாக வைக்கலாம். டென்மார்க்கும் ஸ்வீடனும் 2025 ஜூலை முதல் திறந்தவகை ஸ்கிரப்பர்களின் கழுவுநீரைத் தங்கள் கடலில் விடத் தடை விதித்திருக்கின்றன. புகையிலிருந்து கந்தகத்தைக் கழுவிக் கடலில் ஊற்றும் கருவி அது. கருவியைக் கழற்று என்று சொல்லவில்லை, இங்கே ஊற்றாதே என்றார்கள். சட்டம் கொடுத்த இடத்தைச் சரியாகப் பிடித்த எழுத்து.

தடையை என் கொடிக் கப்பல்களுக்கு மட்டும் வைப்பேன். பிரான்சும் இத்தாலியும் போனிஃபாசியோ நீரிணையில் ஆபத்தான சரக்கு ஏற்றிய தங்கள் நாட்டுக் கப்பல்களை 1993-லேயே தடுத்தன. அந்த முன்னுதாரணம் ஐ.எம்.ஓ. அங்கீகாரம் கேட்கப் போனபோது கையில் இருந்தது; அங்கீகாரம் 2011-ல் கிடைத்தது. பிற நாட்டுக் கப்பலைத் தடுப்பேன் என்ற மிரட்டலை, பேச்சுவார்த்தைக்கு ஏற்கெனவே நாற்காலி போட்டுவிட்ட பிறகு மட்டும் பயன்படுத்தலாம்.

இதற்கு ஒத்துவராத ஒரு வகை இப்போது வளர்ந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொருளாதாரத் தடைகளைத் தவிர்த்து ரஷ்ய எண்ணெயை ஏற்றிக்கொண்டு, சந்தேகமான காப்பீட்டோடு, கொடியை மாற்றி மாற்றிப் பால்டிக்கைக் கடக்கும் 'நிழல் கப்பற்படை' டேங்கர்கள். வழியில் கடக்கும் நாடுகளின் துறைமுகங்களுக்கு அவை வருவதில்லை.  கசிந்தால் யார் பணம் கொடுப்பார் என்று தெரியாது. 2024 டிசம்பரில் வடஐரோப்பிய நாடுகள் பல சேர்ந்து, கடந்து போகும்போதே காப்பீட்டுச் சான்றைக் கேட்பது என்று முடிவு செய்தன. நிறுத்துவோம் என்று சொல்லவில்லை, கேட்போம் என்றார்கள். பதில் சொல்லாத கப்பல் யாருடைய பட்டியலில் ஏறும் என்பது அடுத்த பேச்சு. இப்போதைய சட்டத்துக்குள் இதைவிட அதிகம் செய்ய வழி குறைவு.

கடைசியாக, இந்த விவாதங்களில் அதிகம் பேசப்படாத ஒன்று. கப்பல் மாசைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தமான மார்போலின்படி துறைமுகங்கள் கப்பலின் எண்ணெய்க் கழிவையும் குப்பையையும் வாங்கிக்கொள்ளும் வசதியை வைத்திருக்க வேண்டும். பல இடங்களில் வசதி இருக்கும், ஆனால் லாரி வர இரண்டு நாள் ஆகும், தனிக் கட்டணம் கேட்பார்கள். கப்பலோ பன்னிரண்டு மணி நேரத்தில் கிளம்ப வேண்டும். பால்டிக் நாடுகள் கழிவுக் கட்டணத்தைத் துறைமுகக் கட்டணத்திலேயே சேர்த்துவிட்டன. கழிவைக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அதே தொகை. அப்புறம் கடலில் கொட்டுவதால் கப்பலுக்கு மிச்சமாவது எதுவுமில்லை. இதற்கு ஐ.எம்.ஓ.வின் அனுமதி வேண்டாம், எந்த நாடும் ஆட்சேபிக்காது. துறைமுக நிர்வாகம் நினைத்தால் அடுத்த நிதியாண்டிலேயே தொடங்கிவிடலாம்.